உப்பு, மணல், நல்ல தண்ணி

அலை உடையும் இடத்தில் கடல் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், தண்ணீருக்குள் சிக்கிக்கொண்ட காற்றுக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் மேலே வந்து வெடிக்கும்போது நுண்ணிய துளிகளைக் காற்றில் வீசுகிறது. பெரிய துளிகள் அங்கேயே விழுந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத சின்னத் துளிகள் காற்றோடு கரையேறும். வழியில் தண்ணீர் ஆவியாக ஆக, உப்பு செறிந்துகொண்டே வந்து, எதிர்ப்படும் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும். பழவேற்காட்டின் லைட்ஹவுஸ் குப்பத்தில் அது தென்னை ஓலையாக இருக்கலாம், ஜன்னல் கம்பியாக இருக்கலாம், வாசலில் நிற்கும் காராகவும் இருக்கலாம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், பொன்னேரியைத் தாண்டி வருகிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தமிழகத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே மணல் திட்டுகளும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் உள்ளே வரும். மணல் அடைத்துக்கொண்டால் மீன் வரத்தும் நிற்கும், ஏரியின் உப்பும் மாறும். கிழக்கே கடல், மேற்கே ஏரி என்று இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த குப்பங்களில் மீன் ஏற்றும் ‘குட்டியானை’ மினி லாரி ஓடுகிறது, ஷேர் ஆட்டோ ஓடுகிறது, தெர்மோகோல் பெட்டி கட்டிய மொபெட் ஓடுகிறது. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தவணையில் வாங்கிய கார்களும் நிற்கின்றன. இவற்றை வீட்டு வாசலிலேயே எதைக்கொண்டு கழுவுவது, எதைக்கொண்டு துடைப்பது, எதைப் பூசுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கார் உதிரிப் பொருள் கடைக்குள் நுழைந்தால் ஷாம்பு, ஸ்னோ ஃபோம், வேக்ஸ், செராமிக் ஸ்ப்ரே, டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் என்று சுவர் முழுக்கப் பாட்டில்கள். பளபளப்பைத்தான் எல்லாமே முன்னால் வைக்கின்றன. வண்டிமேல் என்ன படிந்திருக்கிறது என்ற கேள்வியோடு கடைக்குப் போனால் அந்த வரிசை தலைகீழாகும். பளபளப்புக்கான பாட்டில் கடைசிக்குப் போய்விடும். பழவேற்காட்டில் முதலிடம் தண்ணீருக்கு. கடையில் விற்காத பொருள் என்பதால் அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

முதலில் உப்பு. சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடலோரக் காற்று அதற்குக் கீழே வறண்டு போகும் நாள் அபூர்வம். அதனால் கண்ணுக்குக் காய்ந்ததுபோலத் தெரியும் வண்டியின்மேல், பெரும்பாலான நேரம் உலராத மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தேவையான மூன்றும், அதாவது நீர், ஆக்சிஜன், மின்சாரம் கடத்தும் உப்புக்கரைசல், அங்கே ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. குளோரைடு அயனிக்கு இன்னொரு குணம் உண்டு. உலோகத்தின்மேல் இயல்பாக உருவாகும் பாதுகாப்புப் படலத்தை அது துளைத்துவிடும்; அலுமினியத்தில் விழும் வெள்ளைப் புள்ளிகள் அதன் வேலை.

இந்தச் சேதத்தை அளப்பதற்கென்றே தமிழகத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ராமேசுவரம் போகும் வழியில் மண்டபத்தில் கடற்காற்று படும்படி உலோகத் தகடுகளை நிறுத்திவைத்து, அவை எவ்வளவு எடை இழக்கின்றன என்று பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் நிலையம் அதற்கு உண்டு. இந்தியாவின் அரிமான வரைபடத்தை உருவாக்கியதும் இந்த நிறுவனம்தான். உலக அளவில் ஐஎஸ்ஓ 9223 என்ற தரநிலை, காற்று இரும்பை அரிக்கும் வேகத்தை வகை பிரிக்கிறது. அலை உடையும் கரையை ஒட்டிய இடங்களில் சாதாரணமாகக் காணப்படும் ‘சி5’ வகையில், பூச்சு இல்லாத எஃகு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை கரைந்துபோகும். காரின் கதவுத் தகடு ஏறக்குறைய 700, 800 மைக்ரான் கனம்தான். வெற்றுத் தகடாக நிறுத்தினால் ஓராண்டில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை போய்விடும் என்று பொருள். கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே தள்ளினால் காற்றில் வரும் உப்பு மளமளவென்று குறைகிறது. நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு இருந்தால் இன்னும் குறையும். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதே ஒரு பராமரிப்பு முடிவு.

கார் வெற்றுத் தகடு அல்ல என்பது உண்மைதான். எஃகின்மேல் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு, அதன்மேல் மின்சாரம் செலுத்திப் படியவைத்த ஓர் அடித்தளப் பூச்சு, பிறகு பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். அத்தனையும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். நம் கண்ணில் படும் பளபளப்பு முழுவதும் அந்தக் கிளியர் கோட்டின் 40, 50 மைக்ரானுக்குள் அடங்கியது. ஒரு தலைமுடியின் கனம்கூட அதற்கு இல்லை. கிளியர் கோட்டை உப்பு நேரடியாக ஒன்றும் செய்துவிடாது. கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடம், கதவின் கீழ் மடிப்பு, சக்கர வளைவின் உள்பக்கம், வண்டியின் அடிப்பகுதி ஆகியவைதான் அது நுழையும் வாசல்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் சுற்றியிருக்கும் நல்ல பெயின்ட்டையும் அது நெம்பித் தூக்கும்.

உப்பை அகற்ற ரசாயனம் எதுவும் வேண்டாம். உப்பு நீரில் கரையும். தேவை நல்ல தண்ணி. கடலுக்குப் போய் வந்த அவுட்போர்டு இன்ஜினுக்குள் அக்கறையுள்ள மீனவர் நல்ல தண்ணி விட்டு ஓடவிடுவார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இன்ஜினில் உப்பு தங்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அதே அறிவு வாசலில் நிற்கும் வண்டிக்கும் பொருந்தும். ஆனால் ஏரியோரக் குப்பங்கள் பலவற்றில் போர் போட்டால் வருவது உவர்நீர். அந்தத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டால், கழுவுவதற்கு முன் இருந்ததைவிட அதிக உப்பு வண்டிமேல் மிச்சமிருக்கக்கூடும். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 3000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த தண்ணீர் 10 லிட்டர் வாளி ஒன்றில் இருந்தால், அதில் 30 கிராம் உப்பு இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் உப்பு கலந்திருப்பதால் கார் துருப்பிடிக்கும் என்று ஒரு பயம் பரவலாக உண்டு. வாளியில் ஊற்றும் 20 மில்லியில் இருப்பது ஒரு கிராமுக்கும் கீழே. பயப்பட வேண்டியது வாளித் தண்ணீரைப் பார்த்து.

எனவே முதலில் வாங்க வேண்டியது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர். பேனா அளவில் இருக்கும், விலையும் குறைவு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது; வேறு வழியில்லாதபோது 2000 வரை அனுமதிக்கிறது. வண்டியை நனைக்கவும் சேற்றை இளக்கவும் சுமாரான தண்ணீர் போதும். கடைசியாக அலசும் தண்ணீர் மட்டும் 200-க்குக் கீழே இருந்தால் வெள்ளைப் புள்ளி குறையும், உப்பும் அதிகம் தங்காது. விலை கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரை வண்டிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து வழியும் மழைநீர் இருக்கிறது. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. அந்த நீர் ஒரு டிரம்மில் நின்றால் கார் கழுவ அதைவிட நல்லது வேறில்லை. முதல் மழையில் மட்டும் கூரையின் உப்பு கரைந்து வரும், அதை ஓடவிட்டுவிட வேண்டும். ஏசி இயந்திரத்தின் குழாயில் சொட்டும் தண்ணீரும் ஏறக்குறைய உப்பே இல்லாதது. கடைசி அலசலுக்கு 5 லிட்டர் அப்படிச் சேர்த்தால் போதும்.

கொஞ்சம் தண்ணீரை நெடுநேரம் வரவைக்க, வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் கைத்தெளிப்பான் மாதிரி சிறந்த கருவி இல்லை. பிரஷர் வாஷருக்கு மின்சாரமும் வேண்டும், தண்ணீரும் நிறைய வேண்டும். கைத்தெளிப்பானைப் புதிதாகவே வாங்குங்கள். பூச்சிமருந்து கண்ட பழைய டேங்க் கூடவே கூடாது. அதன் நீண்ட குழாயைச் சக்கர வளைவுக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் நுழைத்து அடிக்க முடிவதுதான் அதன் பெரிய அனுகூலம். மேலே பளபளப்பாக இருந்து அடியில் உளுத்துப்போன வண்டிகளைக் கடற்கரை ஊர்களில் நிறையப் பார்க்கலாம். வாரம் ஒரு முறை அடியில் நல்ல தண்ணி அடிப்பது, மேலே ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பூசும் எதையும்விட வண்டியின் ஆயுளைக் கூட்டும்.

அடுத்தது மணல். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடி 5.5 அளவில் நிற்கிறது. கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக் பூச்சு; இவற்றோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு மென்மை. இந்தக் கரையின் கருமணலில் இருக்கும் கார்னெட்டும் குவார்ட்ஸ் அளவுக்குக் கடினமானது. தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் பக்கம் போய் வரும் வண்டிகளில் சாம்பல் துகள்களும் சேரும். அவை கண்ணாடித்தன்மை கொண்ட நுண்ணிய உருண்டைகள். காய்ந்த வண்டியை ஒரு துணியால் ‘தூசு தட்டுகிறேன்’ என்று துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் போனட்டின்மேல் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் இப்படி வந்தவை. பெரும்பாலான கீறல்களைச் சாலை போடவில்லை, துடைத்த கை போட்டது. கைத்தெளிப்பானால் மணலை இளக்கி விழவைத்த பிறகுதான் எதுவும் வண்டியைத் தொட வேண்டும்.

எதனால் தொடுவது? மெக்கானிக் கடையில் கிடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட், கிரீஸ் துடைக்கத் தங்கமான பொருள். அதில் தையல் விளிம்பும் நைலான் நூலும் கலந்திருக்கும் என்பதால் பெயின்ட்டுக்கு ஆகாது. ஸ்பாஞ்சுக்குத் தட்டையான முகம். மணல் உள்ளே போக இடமில்லாமல் நடுவில் சிக்கி உருளும். நீண்ட இழைகள் தொங்கும் மைக்ரோஃபைபர் கையுறையில் மணல் இழைகளுக்கிடையே ஏறிக்கொள்ளும். மைக்ரோஃபைபரின் ரகசியம், பாலியஸ்டரும் பாலிஅமைடும் சேர்ந்த ஓர் இழையைப் பல கூறுகளாகப் பிளப்பது. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகாமோட்டோ 1970-ல் இத்தகைய மிக நுண்ணிய இழைகளைக்கொண்டு செயற்கை மெல்தோலை உருவாக்கினார். இன்றைய துடைக்கும் துணி அந்த வழியில் வந்ததுதான். வாங்கும்போது 80/20 அல்லது 70/30 என்ற கலவை விகிதத்தையும், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் (ஜிஎஸ்எம்) என்ற எடையையும் பாருங்கள். துடைக்க 300, 400 ஜிஎஸ்எம். ஈரம் ஒற்ற அதைவிடக் கனமாக ஒன்று. ஓரத் தையல் கரடாக இருந்தால் வேண்டாம். துவைக்கும்போது துணி மென்மைக்கான திரவம் சேர்த்தால் இழைகளில் பூச்சுப் படிந்து நீரை உறிஞ்சாமல் போகும். கீழே மணலில் விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் கையுறையை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். மணல் அதிகம் இருப்பது கீழ்ப்பகுதியில்.

ஏரித் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது குப்பத்தில் குழந்தைக்கும் தெரியும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் அது கரையாத பிசுக்காக மாறி வெளியே வந்துவிடும். செயற்கை டிடர்ஜென்ட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் துணி சோப்புத் தூளில் வாஷிங் சோடா இருக்கிறது. கரைசலின் பிஎச் 10-ஐத் தாண்டும். அது மெழுகையும் பாதுகாப்புப் பூச்சையும் உரித்தெடுப்பதோடு அலுமினியத்தையும் மங்கலாக்கும். பாத்திரம் தேய்க்கும் கட்டி சோப்பில் அரைக்கும் தூளும் சேர்ந்திருக்கும். வண்டிப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. பாத்திரத் திரவம் பிஎச் அளவில் சாதுதான். எண்ணெயை இழுப்பதில் கெட்டி என்பதால் ஏற்கெனவே பூசிய மெழுகையும் கொண்டுபோய்விடும். பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசப்போகும் நாளில் அதைப் பயன்படுத்தலாம். மற்ற நாளில் பிஎச் 7-ஐ ஒட்டிய கார் ஷாம்பு போதும். அதில் இருக்கும் வழுவழுப்பு முக்கியம், மணலைப் பெயின்ட்டிலிருந்து விலக்கி நழுவவைப்பது அதுதான். நுரை எவ்வளவு என்பது ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் மிகவும் தட்டுப்பாடான வீட்டுக்கு ‘ரின்ஸ்லெஸ்’ என்று விற்கும் பாலிமர் கலந்த திரவம் நல்ல தேர்வு. ஒரு வாளியிலேயே வேலை முடிந்துவிடும், அலச வேண்டியதில்லை. மணலை மட்டும் முதலில் தெளிப்பானால் இறக்கிவிட வேண்டும்.

ஏரிக்கரையிலேயே இறக்கிவைத்து வண்டி கழுவும் பழக்கம் பல நீர்நிலைகளில் இருக்கிறது. பழவேற்காட்டில் அது வண்டிக்கும் கேடு, ஏரிக்கும் கேடு. வண்டிக்கு ஏன் என்று சொல்லியாயிற்று. டிடர்ஜென்ட்டின் மூலக்கூறு மீனின் செவுளில் ஒட்டி மூச்சைத் தடுக்கிறது; பரவலாகப் பயன்படும் வகைகள் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே மீன்களைக் கொல்லக்கூடியவை என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இந்த ஏரியின் வருமானமே இறாலும் நண்டும். இறால் குஞ்சு வளர்வது கரையோர ஆழமற்ற நீரில், நாம் வண்டியை இறக்கும் அதே இடத்தில். டயரிலிருந்து வருவதும் சாமானியமானதல்ல. ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் நஞ்சுதான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்தது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். மழைக்குப் பிறகு மீன்கள் ஏன் சாகின்றன என்று அங்கே வருடக்கணக்கில் தேடிய பிறகு கிடைத்த விடை அது. வண்டியைக் கரையிலிருந்து தள்ளி, வீட்டு வாசல் மண்ணில், தென்னைக்கடியில் கழுவினால் மண் நுண்ணுயிர்கள் பெரும்பகுதி டிடர்ஜென்ட்டைச் சிதைத்துவிடும்.

மீன் ஏற்றும் வண்டிக்குத் தனிப் பாடம் உண்டு. ஐஸ் உருகி வழியும் தண்ணீரில் உப்பும் புரதமும் கொழுப்பும் கலந்திருக்கும். தொட்டியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் சுத்தமாக இருக்கும் என்று நினைப்போம். அதன் அடியில் கசிந்த நீர் வெளியேற வழியில்லாமல் நின்று தகட்டைத் தின்னும். ஷீட்டை ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் தூக்கிக் கழுவ முடியாவிட்டால் விரிக்காமல் இருப்பதே மேல். நாற்றத்துக்கும் வேதியியல் இருக்கிறது. கடல் மீனின் தசையில் உள்ள ஒரு பொருளை, மீன் இறந்த பிறகு பாக்டீரியா டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது. மீன்வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அது ஒரு காரம். அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். மீனைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சையிலோ அலசும் நம் வீட்டுப் பெண்கள் செய்வது துல்லியமாக இந்த வினையை. காருக்குள் மீன் கூடை வைத்து வந்த வாடைக்கும் அதே மருந்து. ஒரு பங்கு வெள்ளை வினிகரில் நாலைந்து பங்கு நல்ல தண்ணி கலந்து பிளாஸ்டிக்கையும் ரப்பர் மேட்டையும் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்துக் கதவைத் திறந்து காயவைக்க வேண்டும். வாசனைப் பாட்டில் வாடையை மறைக்குமே தவிர, அது வரும் இடத்தைத் தொடாது. வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய காருக்குள் அது உயிருக்கு ஆபத்து. பிளீச்சிங் பவுடர் தனியாகவும் இரும்புத் தகட்டுக்குப் பகை.

பறவை எச்சம் ஏரியோர ஊரில் தவிர்க்க முடியாதது. கொக்கும் நீர்க்காகமும் அடையும் மரத்தடியில் நிறுத்தாமலிருப்பது ஒரு வழி. விழுந்துவிட்டால், யூரிக் அமிலம் வெயிலில் சூடான கிளியர் கோட்டைப் பதம் பார்ப்பதற்குள் ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். சுரண்டினால் எச்சத்தோடு மணலும் இழுபடும்.

இனி இரும்புக் கறையும் துருவும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் சக்கரத்திலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் குத்தி நின்று, உப்பு பட்டதும் செம்புள்ளியாகும். இதற்கென விற்கும் ‘அயர்ன் ரிமூவர்’ தெளித்தால் ஊதா நிறத்தில் வழியும். அதில் இருப்பது தயோகிளைகோலேட். முடி நீக்கும் கிரீமிலும் இதே குடும்பம்தான். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் அது தேவைப்படாது. கையுறை போட்டு, நிழலில், காயவிடாமல் கழுவிவிட வேண்டும். சக்கரத்தைப் பளிச்சென்று ஆக்கும் ‘ஆசிட்’ என்று லேபிள் இல்லாத கேனில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கழிவறை ஆசிட் அலுமினியத்தை அரிக்கும். சில வகைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கக்கூடும். அது தோலில் பட்ட உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும் கொடிய அமிலம்.

கல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் துரு தெரிந்தால் அதை நல்ல தண்ணியில் கழுவிக் காயவைத்து, தளர்ந்த துருவை நுண்ணிய உப்புத்தாளால் எடுத்து, ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ தடவலாம். பல வகைகளில் வேலை செய்வது டானிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து கரையாத கறுப்புச் சேர்மமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியபோது நம் முன்னோர் உண்டாக்கியது இந்த வகைக் கறுப்பைத்தான். நைலான் வருவதற்கு முன், பருத்தி வலைகள் உப்பு நீரில் அழுகாமலிருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்தார்கள். அந்தச் சாற்றின் சரக்கும் டானின்தான். வலையில் அது பாக்டீரியாவைத் தடுத்தது, இங்கே இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. கன்வர்ட்டர் காய்ந்த பிறகு மேலே டச்-அப் பெயின்ட் பூசாவிட்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது. அடிப்பகுதிக்குப் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உப்பு நீர் தகட்டைத் தொடாமல் அது கொஞ்ச நாள் காக்கும் என்பது மெய். ரப்பர் புஷ்களை ஊறவைத்து உப்பவைக்கும் என்பதும், சொட்டுச் சொட்டாக ஏரிக்குத்தான் போய்ச்சேரும் என்பதும் மெய். மெழுகு அடிப்படையிலான துருத்தடுப்புப் பூச்சு அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. விலை கூடுதல்தான், செலவழிக்கத் தகுந்த இடமும் அதுதான்.

பாலிஷ் என்பது அழுக்கெடுப்பது அல்ல, பெயின்ட்டை அரைத்தெடுப்பது. கீறலின் விளிம்புகள் ஒளியைப் பல திசைகளில் சிதறடிப்பதால்தான் கீறல் கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டத்தை நோக்கிச் சீவிக்கொண்டே போனால் விளிம்பு மழுங்கி ஒளி நேராகத் திரும்பும். அரைப்பவை அலுமினியம் ஆக்சைடு போன்ற தூள்கள். 1891-ல் எட்வர்டு அச்செசன் செயற்கையாக உண்டாக்கிய சிலிக்கான் கார்பைடு, உப்புத்தாளின் கதையையே மாற்றியது. பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூர் வழியாகச் சென்னைக்குள் நுழையும்போது வரும் திருவொற்றியூரில்தான், அந்தப் பொருளின் பெயரையே தாங்கி 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் பழைய தொழிற்சாலை இருக்கிறது. மென்மையான பாலிஷ் ஒரு முறைக்கு ஓரிரு மைக்ரானும், முரட்டு ரப்பிங் காம்பவுண்ட் அதைப்போல் சில மடங்கும் எடுக்கும். இருப்பதே 40, 50 மைக்ரான்; புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான் இருக்கிறது. வருடா வருடம் ரப்பிங் போட்ட வண்டியின் கூரை ஏன் வெளிறி உரிகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். வீட்டில் செய்பவர் மிக மென்மையான பாலிஷை வாங்கி, உள்ளங்கை அளவு இடத்தில் கையால் தேய்த்துப் பார்த்து, அதோடு திருப்தி அடைவதே நல்லது. மெஷின் வேண்டுமென்றால் சுழன்றுகொண்டே தள்ளாடும் டூயல் ஆக்ஷன் வகை. வேகமாகச் சுழலும் ரோட்டரி, பழகாத கையில் விளிம்புகளைச் சுட்டுவிடும். ஆழமான சில கீறல்களை அப்படியே விட்டுவைப்பதில் தவறில்லை.

மெழுகுகளில் பெயர்பெற்ற கார்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து உதிர்வது. வறட்சியில் நீர் இழப்பைத் தடுக்க அந்த மரம் ஓலைமேல் சுரக்கும் கவசம் அது. பனை ஓலைக் கூடைகளுக்குப் பெயர்போன பழவேற்காட்டுக்கு இந்தப் பனை உறவு பிடிக்கும். கார்னாபா ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரியில் உருகும். தேன்மெழுகு 62, 64-லேயே உருகிவிடும். சித்திரை வெயிலில் கறுப்பு வண்டியின் கூரை 70 டிகிரியைத் தாண்டக்கூடும். அதனால் சாதாரண மெழுகு இங்கே சில வாரங்களுக்குமேல் நிற்காது. செயற்கைப் பாலிமர் சீலன்ட் ஸ்ப்ரே இரண்டு மூன்று மாதம் தாங்கும், பூசவும் சுலபம். இந்தக் கரைக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். செராமிக் கோட்டிங் உண்மையிலேயே நெடுநாள் உழைப்பது. சிலிக்கா அடிப்படையிலான மெல்லிய படலம், தண்ணீரை உருட்டித் தள்ளும். ‘9எச்’ கடினம் என்று விளம்பரத்தில் வருவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, மோஸ் அளவு அல்ல. குவார்ட்ஸ் மணல் அதைக் கீறத்தான் செய்யும். உவர்நீர்த் துளி அதன்மேல் முத்துமுத்தாக நின்று காய்ந்தால், உப்புப் புள்ளி ஒவ்வொன்றும் செறிவாகப் பதியும். செராமிக் போட்டவர்கள் இன்னும் கவனமாகத் துடைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது கதவின் உள்பக்கத்துக்குப் போவதில்லை.

கதவின் உள்பக்கமும் கடற்கரை வண்டிகள் முதலில் உளுக்கும் இடங்களில் ஒன்று. ஜன்னல் கண்ணாடி ஓரமாக இறங்கும் நீர் வெளியேற, ஒவ்வொரு கதவின் அடியிலும் இரண்டு மூன்று சிறு துளைகளை விட்டிருப்பார்கள். மணலும் உப்பும் சேர்ந்து அவற்றை அடைத்தால் உள்ளே உவர்நீர் தேங்கும். ஒரு நைலான் கேபிள் டையை நுழைத்து மெல்ல அசைத்தால் துளை திறக்கும். இரும்புக் கம்பி வேண்டாம், உள்பூச்சைக் கீறிவிடும். மேலிருந்து கண்ணாடிப் பட்டையின் இடுக்கு வழியாக நல்ல தண்ணி இரண்டு டம்ளர் ஊற்றுங்கள். கீழே வரும் நீரைக் கையில் பிடித்து டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்கள். முதலில் ஆயிரக்கணக்கில் காட்டும் எண், ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை அலசிவிட்டு, கதவைத் திறந்தபடியே காயவைத்து, பிறகு அந்தத் துளை வழியாகவே துருத்தடுப்பு மெழுகை உள்ளே தெளிக்கலாம். நீண்ட குழாய் வைத்த டப்பாவாகக் கேட்டு வாங்க வேண்டும்.